கண்ணன் வேஷத்தில் யார்?

நங்கநல்லூரில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்குள் ஒரு வழக்கு. சொத்து வழக்கல்ல, கோர்ட்டுக்குப் போகக்கூடியதும் அல்ல. உள்ளங்கை அகலமுள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோதான் வழக்குப் பொருள். அட்டைக் கிரீடம், அதில் ஒரு மயிலிறகு, கையில் புல்லாங்குழல், அழுகையை அடக்கிக்கொண்ட முகம். மூன்று வயதுக் கண்ணன்!

"அது நான்தான்டா. அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கா!" என்கிறார் அண்ணன்.

"இல்லேண்ணா, நன்னாப் பாரு. அந்த மூக்கு என் மூக்கு" என்கிறார் தம்பி.

இருவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்களுடைய தாயார். அந்த அம்மாள் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. படத்தைத் திருப்பிப் பார்த்தால் மாம்பலத்து ஸ்டூடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை, வருஷம் இல்லை. அன்றைக்குப் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இன்று இந்த வழக்கே இல்லை.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியை ஒரு முறை திறந்து பார்க்கட்டும். இப்படி எத்தனை அநாமதேயக் கண்ணன்கள், எத்தனை ஆண்டாள்கள் அதில் கிடக்கிறார்கள் என்பது தெரியும்.

குழந்தைக்கு வேஷம் போட்டுப் பார்க்கும் ஆசை நம்மவர்களுக்குப் புதிதல்ல. கோகுலாஷ்டமிக்குக் கண்ணன், நவராத்திரிக்கு ராதை, ஆண்டாள். கொலு வைத்திருக்கும் வீடுகளுக்கு வேஷத்தோடு போய், ஒரு பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கி வருவது பழைய வழக்கம். பெண் குழந்தைக்குப் பூத்தைத்துப் பின்னி, பின்னல் தெரிவதற்காகக் கண்ணாடியை அருகே வைத்துப் படம் எடுத்ததும் உண்டு. ஆசைக்குப் பையனுக்கே பாவாடை கட்டிப் படம் எடுத்த வீடுகளும் உண்டு. பள்ளிக்கூடம் போனால் மாறுவேடப் போட்டி. நவம்பர் 14-ந் தேதி நேரு மாமா, மற்ற நாட்களில் ஔவையார், கட்டபொம்மன், பாரதியார். நங்கநல்லூரிலோ வால் கட்டிய குட்டி அனுமார்களுக்குக் குறைவே இல்லை. 32 அடி ஆஞ்சநேயர் நிற்கிற ஊராயிற்றே!

இப்போது இன்னொரு வேஷமும் சேர்ந்திருக்கிறது. பேரன் பேத்திகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளுக்கு, அக்டோபர் 31-ந் தேதி வந்தால், பூசணிக்காயாகவும் பேயாகவும் உருமாறிய குழந்தைகளின் படங்கள் செல்போனில் வந்து இறங்குகின்றன. ஹாலோவீன் என்பது அந்தப் பண்டிகையின் பெயர். குழந்தைகள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போகிறார்கள். அங்கே மிட்டாய், இங்கே சுண்டல். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊர்த் தாய்மார்களில் பலர் நம்மை முந்திவிட்டார்கள். வருஷா வருஷம் எடுத்த வேஷப் படத்தை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் உடுப்பில் மிஞ்சிய துண்டுத் துணியையும் ஒட்டி, குழந்தை அன்று என்ன சொன்னது என்பதையும் எழுதி வைக்கிறார்கள். இது அங்கே பழைய பழக்கம். எழுத்தாளர் மார்க் ட்வெயின், பசை தடவிய ஏடுகள் கொண்ட ஒட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்து 1873-ல் அதற்குக் காப்புரிமையே பெற்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு போட்டோ என்ன செய்யும் என்பதற்குப் பாரதியாரே சாட்சி. அவரைப் பிடித்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1919-ல் காரைக்குடிக்குப் போனபோது எடுத்த படம் அவற்றுள் ஒன்று. அந்தச் சில படங்களைப் பார்த்துத்தான் இன்றும் நம் குழந்தைகளுக்கு முண்டாசு கட்டுகிறோம். மையால் மீசை வரைகிறோம்.

குப்பை என்று பிறர் ஒதுக்கியதைக் காப்பாற்றியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமானார். 1994-ல் சென்னையில் அவர் பெயரால் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம், அந்தச் சேகரிப்பைக் கொண்டே பிறந்தது. இன்று உலகின் பல பகுதிகளிலிருந்து அறிஞர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

"இப்போதுதான் செல்போனில் ஆயிரம் படம் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அந்த ஆயிரத்தில் எதை யார் தேடிப் பார்க்கிறார்கள்? போன் கெட்டால் படமும் போயிற்று. காகிதத்துக்கும் கண்டம் உண்டு. 2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. தண்ணீர் வடிந்த பிறகு கட்டிலையும் பீரோவையும் கழுவி எடுத்தார்கள். ஊறி ஒட்டிப்போன ஆல்பங்களைத் தெருவில் போட்டார்கள். கட்டிலைக் கடையில் வாங்கலாம். குழந்தையின் மூன்று வயதை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகையால் நாம் சொல்வது இதுதான். குழந்தைக்கு ஒரு நோட்டு. வருஷத்துக்கு ஒரு படமோ இரண்டு படமோ போதும். அவற்றைப் பிரிண்ட் போட்டு, நான்கு மூலையிலும் காகித மூலை வைத்துச் செருகுங்கள். பிசின் தடவிய தாளில் பிளாஸ்டிக் உறை மூடிய ஆல்பம் வேண்டாம். நாளடைவில் படம் அதிலேயே ஒட்டிக்கொண்டு விடும். படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுங்கள். நோட்டைத் தரையில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கள். ராமபாணப் பூச்சி வராமல் அடிக்கடி எடுத்துப் புரட்டுங்கள். செல்போனில் உள்ள படத்துக்கு இன்னொரு பிரதி வெளியூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதையை எழுதுங்கள். கிரீடத்துக்கு ஜிகினாத் தாள் ஒட்டியது தாத்தாவா, அத்தையா? அனுமாருக்கு வால் எந்தப் பழைய புடவையில் திரித்தது? பாரதியாராக மேடையேறிய வீரர் மைக்கைக் கண்டு மிரண்டு அம்மாவிடம் ஓடினாரா? வேஷ உடையை வாடகைக்கு எடுத்திருந்தாலும் அந்த ஓட்டம் வாடகைக்குக் கிடைக்காது. படம் முகத்தைத்தான் காட்டும். இந்தச் சங்கதிகளைப் பாட்டிதான் சொல்ல வேண்டும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மீசை கலைந்து அழும் குழந்தையின் படத்தை ஊருக்கெல்லாம் காட்டி வேடிக்கை செய்ய வேண்டாம். அந்தக் குழந்தை நாளை பெரியவனாகி, "என்னைக் கேட்டீர்களா?" என்று கேட்கும். வீட்டு நோட்டு, பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டுமே திறக்கும். அதுவே அதன் மரியாதை.

நங்கநல்லூர் வழக்கு என்னவாயிற்று என்கிறீர்களா? தம்பியின் மருமகள் சமரசம் செய்து வைத்தாள். அந்தப் படத்தை ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் செருகி, கீழே இரண்டு வரி எழுதினாள்: "பெரியப்பா சொல்வது: இது நான். அப்பா சொல்வது: இது நான்." இரண்டாம் பக்கத்தில் சென்ற நவராத்திரிக்குக் கண்ணன் வேஷம் போட்ட அவள் பிள்ளையின் படம். அதற்குக் கீழே பெயர், தேதி, கிரீடம் செய்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன.

இனி அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கு வராது.