தேய்மானம் போக மனிதன்

பி.காம். படித்தபோது 'தேய்மானம்' என்றொரு பாடம் இருந்தது. ஒரு மெஷினை வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் காயலான் கடை விலைதான் மிஞ்சும். மெஷினுக்கு இது சரி. மனுஷனுக்கு?

கோபப்படாதீர்கள். வேலை கிடைக்காத பையனைத் 'தண்டச்சோறு' என்கிறோம். படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவரைப் 'பூமிக்குப் பாரம்' என்கிறோம். இரண்டுமே தேய்மானக் கணக்குதான்.

இந்தக் கணக்கைக் கடைசி வரி வரை போட்டுப் பார்த்த தேசம் ஒன்று உண்டு. ஹிட்லரின் ஜெர்மனி. மனநல விடுதி கட்டும் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டலாம் என்று பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்திலேயே கேட்டார்கள். மனநோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் அவர்கள் வைத்த பெயர், சும்மா தின்பவர்கள். அதாவது, நம்ம ஊர் தண்டச்சோறு! 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட்டுக்குள் ஆறு இடங்களில் விஷவாயு செலுத்தி 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்.

1941 ஆகஸ்ட் 3-ம் தேதி மூன்ஸ்டர் நகர பிஷப் வான் காலன் பிரசங்க மேடையில் நின்று, 'இது கொலை' என்று பகிரங்கமாகச் சொன்னார். பயன்படாதவனைக் கொல்லலாம் என்றால் நாளைக்கு நமக்கு வயசாகும்போது என்ன கதி, போரில் ஊனமாகித் திரும்பும் சிப்பாய்க்கு என்ன கதி என்று கேட்டார். பிரசங்கம் ரகசியமாக நகலெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. அதே மாதம் 24-ம் தேதி அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னார் ஹிட்லர். ஆனாலும் ஊசி, பட்டினி என்று கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன.

பிஷப் காலூன்றி நின்ற இடம் கிறிஸ்தவத்தின் ஆதி சிந்தனை. மனிதன் கடவுளின் சாயல். அப்படியென்றால் 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை சம்பளச் சீட்டில் இல்லை. மதிப்பு என்பது உழைத்துச் சம்பாதிப்பதல்ல. பிறக்கும்போதே கூட வந்தது. அதில் தேய்மானம் கழிக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

'சர்ச்சுகள் யோக்கியமா?' என்பீர்கள். இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை சாயலைப் பற்றிக் கேட்டவர்கள் திங்கட்கிழமை அடிமைகளை ஏலம் எடுத்தார்கள். இதே வான் காலன் யூதர்களுக்காக இப்படி வாய் திறக்கவில்லை. ஆனால் அவர்களை எந்த அளவுகோலால் குற்றம் சாட்டுகிறோம்? அவர்களே கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தத் தவறிய அளவுகோலால்தான்.

'கடவுளே இல்லை, சாயல் ஏது?' என்றும் கேட்கலாம். தாராளமாக. நானும் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. சாயலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள்? எதையாவது வையுங்கள். 'சமூகத்துக்குப் பயன்' என்பதை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தக் கணக்குக்கு விடை ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

அடுத்த தடவை கல்யாண வீட்டில், 'சார் என்ன பண்றார்?' என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பண்ணுவதெல்லாம் நின்ற பிறகும் சார் இருப்பார்.

நீங்களும்தான்.