ஐம்பது நாள் பண்டிகை

லெந்து காலம் பிறந்துவிட்டால் நம் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் யாரும் ஏவாமலே ஓர் அடக்கம் வந்து குடிகொள்ளுகிறது. சாம்பற்புதன் முதலாக மாமிசத்தை ஒதுக்கி வைப்பவர்களும், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேளை உபவாசம் இருப்பவர்களும், கலியாணப் பேச்சைக்கூட ஈஸ்டர் கழியட்டும் என்று தள்ளிப்போடும் பெற்றோர்களும், அந்த நாற்பது நாட்களையும் ஏதேனும் ஒரு வகையில் தம் சரீரத்திலேயே சுமந்து கழிக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மும்மணி ஆராதனையில், சிலுவையிலிருந்து ஆண்டவர் மொழிந்த ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக எடுத்துரைக்க, கோடைப் புழுக்கத்தில், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கூட இடையில் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் காட்சியைக் கண்டவர்கள், இந்த ஜனங்களுக்குப் பக்தி குறைவு என்று ஒருநாளும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆனால் ஈஸ்டரை நாம் எவ்வளவு காலம் கொண்டாடுகிறோம்? விடியற்காலை நான்கு மணிக்கு ஆலயமணி அடிக்கிறது. மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி போகிறோம். புத்தாடை உடுத்தித் திருவிருந்தில் பங்கு பெறுகிறோம். மத்தியானம் வீட்டில் பிரியாணி மணக்கிறது. மாலைக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போகிறவன், சனிக்கிழமை மாலை அங்கிருந்து வந்த அதே மனிதனாகவே திரும்பிப் போகிறான். திருச்சபையின் முறையோ இப்படி இருக்கவில்லை. ஈஸ்டர் ஞாயிறு முதல் பெந்தெகொஸ்தே வரையுள்ள ஐம்பது நாட்களும் ஒரே பண்டிகை என்றே ஆதிச் சபையார் எண்ணினார்கள். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த ஐம்பது நாட்களிலும் விசுவாசிகள் முழங்காலிடாமல் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. உயிர்த்தெழுந்தவருடைய மக்கள் அந்த நாட்களில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. துக்கத்துக்கு நாற்பது நாள் என்றால் மகிழ்ச்சிக்கு ஐம்பது நாள் என்று முன்னோர் வகுத்த கணக்கை, நாற்பது நாளுக்கு ஒரு காலைப்பொழுது என்று நாம் சுருக்கிக்கொண்டது பெரிய நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

இதற்குக் காரணம் அசிரத்தை அன்று. பாடு என்பது நம் ஜனங்களுக்கு அன்றாடம் பழகிய சங்கதி. கடனும் நோயும் அவமானமும் அறிந்த ஒருவன், முள்முடி சூடிய முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தன்னை அங்கே அடையாளம் கண்டுகொள்ளுகிறான். உயிர்த்தெழுதலோ, இறந்தபின் வரப்போகும் ஏதோ ஒரு நன்மைக்கு அச்சாரமாக, அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் அதிகாரமாக, எட்டத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே சிலுவை வாழ்க்கைக்கு என்றும், காலியான கல்லறை சாவுக்கு என்றும் நம்மையறியாமலே பாகம் பிரித்துவிட்டோம்.

சுவிசேஷங்கள் அப்படிப் பிரிக்கவில்லை. உயிர்த்தெழுந்த கிறிஸ்து எங்கெல்லாம் தோன்றினார் என்று கவனித்துப் படிக்கிறவர்களுக்கு இது விளங்கும். தம்மைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்த காய்பாவின் வீட்டு வாசலிலோ, கைகழுவிய பிலாத்துவின் அரண்மனையிலோ போய் நின்று, நான் பிழைத்திருக்கிறேன் என்று அவர் காட்டவில்லை. தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணுக்கு அவர் தோன்றினார். அவளும் முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். எம்மாவூருக்கு ஏறத்தாழ ஏழு மைல் தூரம் மனம் சோர்ந்து நடந்த இருவரோடு வழித்துணையாக நடந்தார். பொழுது சாய்ந்து வீட்டில் பந்தியமர்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்களுடைய கண்கள் திறந்தன. தோட்டம், பாதை, சாப்பாட்டு மேசை, பூட்டிய அறை, கடற்கரை என்று மனிதர் அன்றாடம் புழங்கும் இடங்களே உயிர்ப்பின் தலங்கள்.

இவற்றுள் கடற்கரையின்மேல் எனக்குத் தனியாக ஒரு பற்று உண்டு. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், இராமுழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் திரும்பும் சீஷர்களுக்காக, திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணி, ஆண்டவர் காத்திருக்கிறார். மரணத்தை ஜெயித்தவர் செய்த காரியம், பசித்து வந்த தொழிலாளருக்குக் காலை ஆகாரம் சமைத்தது! நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் தேதி முதல் 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. மீனினம் பெருகுவதற்கென்று விதிக்கப்படும் இத்தடை நியாயமானதே. ஆயினும் ஈஸ்டர் காலத்தின் பெரும்பகுதி இந்த நாட்களோடு ஒன்றிப்போவதை எத்தனை சபைகள் எண்ணிப் பார்த்திருக்கின்றன? படகு கரையேறி நிற்க, பங்குக்காசு நின்றுபோக, அரசாங்கம் தரும் நிவாரணத் தொகையை எதிர்பார்த்து, பள்ளிக்கூடம் திறக்குமுன் பிள்ளைகளின் செலவுக்கு வட்டிக்கு வாங்கும் கூலி மீனவர்களின் வீடுகள், அநேக கடலோர ஊர்களில் ஆலயத்தின் நிழலிலேயே இருக்கின்றன. வீட்டில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்து, அதைச் சேர்த்து ஆலயத்தில் படைக்கும் வழக்கம் நம் தாய்மாரிடையே இருந்துவந்ததல்லவா? அந்தப் பிடி அரிசி இந்த ஐம்பது நாட்களில் இந்த வீடுகளுக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அசனத்தை ஒருநாள் கரையிலேயே வைத்துக்கொள்ளட்டும். திபேரியா கடற்கரையில் நடந்ததை நினைவுகூர இதைவிடப் பொருத்தமான ஆராதனை முறை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கரிநெருப்பினருகே இன்னொன்றும் நடந்தது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில், இதே போன்றதொரு கரிநெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு, மும்முறை மறுதலித்த பேதுருவை, மும்முறை அன்பைக் குறித்துக் கேட்டு, மறுபடியும் மந்தையை அவனிடம் ஒப்படைத்தார். கோபத்தோடு ஒரு சொல் இல்லை. குற்றத்தை மூடி மறைக்கவும் இல்லை. மன்னிப்பு என்பது நடந்ததை நடக்கவில்லை என்று பாவிப்பதன்று என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், நட்சத்திர ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள்; மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே வந்த குழந்தைகள் பலர். மறு ஆண்டு ஈஸ்டரில், நாங்கள் மன்னித்தோம் என்று அறிவித்த கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகை, அதன்பின்பும், உண்மை முழுவதும் வெளிவர வேண்டும், கடமை தவறியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டுவருகிறார். வீட்டில் சகோதரனோடு பேச்சை முறித்துக்கொண்டு, வழக்கு நடத்திக்கொண்டு, அதே வாயால் ஈஸ்டர் கீர்த்தனை பாடுகிற நாம், பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய்மாரை நினைத்தாவது ஒரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதா?

இவையெல்லாவற்றையும்விட நம் தமிழ்ச் சபைகள் முதலாவது திருத்திக்கொள்ள வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அது கல்லறைத் தோட்டம். ஈஸ்டர் என்பதே கல்லறையில் தொடங்கிய பண்டிகை. இன்றும் சில ஊர்களில் சனிக்கிழமையே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, புல்லைச் செதுக்கி, விடியுமுன் அங்கே கூடி ஆராதனை நடத்துகிறார்கள். கிழக்கே வெளுக்கும் நேரத்தில், பேர் பொறித்த கற்களின் நடுவே நின்று, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஒரு சபை முழுவதும் பாடும்போது, விசுவாசமற்றவனுக்கும் உள்ளம் அசையும். ஜெர்மனியில் சாக்சனி நாட்டு ஹெர்ன்ஹூட் என்னும் கிராமத்தில், மொராவிய சகோதரர் சபையின் வாலிபர்கள் 1732இல் ஈஸ்டர் விடியலுக்குமுன் கல்லறை மேட்டுக்குப் போய்ப் பாடினார்கள் என்றும், அதிலிருந்து இவ்வகை ஆராதனை பல நாடுகளுக்குப் பரவியது என்றும் சரித்திரம் கூறுகிறது. அச்சபையார் பாடினதோடு நிற்கவில்லை. தங்கள் கல்லறைத் தோட்டத்தில் பிரபு என்றும் குடியானவன் என்றும் பேதம் பாராட்டாமல், ஒரே மாதிரியான கற்களைத் தரையோடு தரையாகப் பதித்து, குடும்ப வரிசையை விட்டு, மரித்த வரிசையிலேயே அடக்கம் செய்தார்கள். தரங்கம்பாடியின் புறத்தே 1760ஆம் ஆண்டு முதல் தோட்டமிட்டு, கைத்தொழில் செய்து பிழைத்த மொராவியர்கள் இந்த மரபில் வந்தவர்களே. ஆனால் இந்தச் சபையும் வழுவாமல் இருக்கவில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் சேலம் என்னும் அவர்களுடைய குடியேற்றத்தில், முதலில் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்ட கறுப்பின சகோதரர்களுக்கு, 1816இல் தனி நிலம் ஒதுக்கினார்கள். உயிர்த்தெழுதலை ஆண்டுதோறும் பாடுகிற ஜனங்களே அதை மறந்துபோகக் கூடும் என்பதற்கு இதைவிடத் துக்கமான உதாரணம் வேண்டுமோ?

வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல், நம் நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூரில் ஒரே கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதியை முன்னிட்டு நிற்கும் சுவரைப் பற்றி நாளேடுகள் பலமுறை எழுதியிருக்கின்றன. அது ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. சுவரில்லாமலே பேதம் காக்கும் தோட்டங்கள் கிராமங்களில் உண்டு. வடபக்கம் இன்னாருக்கு, வேலியோரம் இன்னாருக்கு என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல், குழிவெட்டுகிறவர் முதல் சபைக் கமிட்டி வரை எல்லாரும் அறிந்த ஏற்பாடு அது. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது 1833இல். அதைப் பொறுக்காமல் தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டே விலகிப்போனார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றும், உயிரோடிருக்கும்போது ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறச் சம்மதித்தவர்கள், இறந்தபின் அருகருகே படுக்கச் சம்மதிக்கவில்லை.

பெரியவர்கள் சொல்லும் சமாதானங்களை நான் கேட்டிருக்கிறேன். அது முன்னோர் வாங்கிக் கொடுத்த நிலம் என்கிறார்கள். குடும்பத்தார் ஒரே இடத்தில் இருக்க ஆசைப்படுவது இயற்கை என்கிறார்கள். ஊரில் அமைதி கெடுமே என்று அஞ்சுகிறார்கள். குடும்பப் பாசம் குற்றமன்று. கணவன் அருகே மனைவியை அடக்கம் செய்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் நிலம் வாங்கிக் கொடுத்தவர்கள் அதைச் சபைக்கு என்று கொடுத்தார்களா, சாதிக்கு என்று கொடுத்தார்களா? அமைதி என்று சொல்லப்படுவது, வேலியோரத்தில் தன் தகப்பனை அடக்கம் செய்துவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பும் ஒருவனுடைய மௌனமே அல்லவா? கடைசி எக்காளம் தொனிக்கும்போது எல்லாரும் ஒருங்கே எழுந்திருப்பார்கள் என்று நம்பி, சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசப்பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடுகிறவர்கள், அன்றைக்கு எந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியேறுவது என்று இப்போதே பிரித்து வைப்பது, கிறிஸ்துவின் உயிர்ப்பையே மறுதலிப்பதாகும் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

இந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு கழிந்து பெந்தெகொஸ்தே வருவதற்குள் சபைக் கமிட்டிகள் ஒருமுறை இதற்கென்றே கூடட்டும். குருவானவர்கள் இதைப் பிரசங்க பீடத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், தீர்மானமாக எழுதிக் கையொப்பம் வாங்கட்டும். சுவர் இருக்கும் இடத்தில் அதைச் சபையாரே தங்கள் கையால் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே தோட்டத்துக்கு ஒரு நடைபாதை போடலாம். சுவர் இல்லாத இடத்தில் பெரிய காரியம் எதுவும் தேவையில்லை: வாசலிலிருந்து வரிசையாக எண் இட்டு, பதிவேட்டில் குறித்து, இனிமேல் சபையில் யார் மரித்தாலும் அடுத்த எண் அவருக்கு என்று எழுதி வைத்தால் போதும். முதல் குழி வெட்டப்படும் நாளில் சபையார் அனைவரும், எந்தத் தெருவில் இருந்தாலும், மண் போட வர வேண்டும்.