வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

வீடு விற்பவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், கேளாததைச் சொல்ல வேண்டியதில்லை என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு வணிக அறமாகவே நிலைபெற்றுவிட்டது. இதை நாம் ஏற்பதற்கில்லை. சட்டமும் ஏற்கவில்லை. விற்பவர் அறிந்த, வாங்குபவர் அறியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத முக்கியக் குறையைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. சொல்லாமல் விடுவதை அது மோசடி என்றே பெயரிட்டு அழைக்கிறது.

சென்னையின் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய வீடொன்று சித்திரை வெயிலில், புதுச் சுண்ணாம்பின் மணத்தோடு விற்பனைக்கு நிற்கும்போது, நீர் நின்ற உயரத்தை எந்தக் கண் காணும்? வில்லங்கச் சான்றிதழ் பதிவான அடமானத்தைக் காட்டும், வெள்ளத்தைக் காட்டாது. தாங்கல் என்றால் சிறு ஏரி என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். ஆனால் ஊர்ப்பெயரின் சொற்பொருள் ஆராய்ந்துதான் வீடு வாங்க வேண்டும் என்பது நியாயமாகுமா?

'சொன்னால் விலை குறையுமே' என்பர். குறையட்டும். சொன்னால் குறையும் விலை, சொல்லாததற்காகப் பெற்ற கூலியன்றி வேறென்ன? 'வாங்குபவர் விசாரிக்கட்டும்' என்பர். யாரிடம்? இரு தரப்பிலும் தரகு பெறுபவரிடமா?

விற்பவர் அனைவரும் மௌனிகள் என்றும் சொல்வதற்கில்லை. அக்கம்பக்கத்தார் என்ன சாதி என்பதைக் கேளாமலே காதோடு சொல்பவர்கள், முழங்காலளவு நின்ற நீரைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லவும் சொல்ல வேண்டியதை மறைக்கவும் பழகியிருக்கிறோம்.

மேற்சொன்ன கடமையை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது என்பதுதான் இதிலுள்ள ஓட்டை. 'நேரில் பார்த்துத் திருப்தியடைந்தேன்' என்ற ஒரு வரியில் வாங்குபவர் கையொப்பமிட்டுவிட்டால், பின்னர் வழக்காடுவது கடினமாகிவிடுகிறது. ஆகவே நாம் கோருவது இதுதான்: நீர் புகுந்த ஆண்டு, நின்ற உயரம், அனுமதி வரைபடத்தை மீறிய கட்டுமானம், நிலுவையிலுள்ள வழக்கு, ஆழ்துளைக் கிணற்றின் நிலை ஆகியவற்றை விற்பவர் கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும், அத்தாள் கிரயப் பத்திரத்தின் இணைப்பாகப் பதிவாக வேண்டும், எந்த ஒப்பந்த வரியும் இக்கடமையை விலக்கலாகாது.

ஒரு குடும்பம் தன் ஆயுட்காலச் சேமிப்பையும் இருபதாண்டுக் கடனையும் வைத்து வாங்குவது வீடு. அதன் உண்மையை முதல் மழை வந்து சொல்லும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுமா?