காலாபானிக்கு ஒரு குடும்பப் பிரயாணம்

"அவர் அந்தமானுக்குப் போகிறார்" என்றால், நம் பாட்டனார் காலத்தில் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்திராது. போனவர் திரும்புவார் என்று யாரும் நம்பியதில்லை. இன்றோ அதே அந்தமானுக்குப் போக முடியவில்லையே என்றுதான் வீடுகளில் மனஸ்தாபம் உண்டாகிறது. ஓசூர் நேயர் ஒருவர் தம் வீட்டு நிலைமையை எழுதியிருக்கிறார். அவர் தொழிற்சாலையில் மாதச் சம்பளக்காரர். மனைவி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிக்கிறவர். அம்மாளுக்குச் சிறைச்சாலையைப் பார்க்க வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கும் கடலும் பிராணிகளும் வேண்டும். அவருக்கோ செலவு கையைக் கடிக்காமல் இருக்க வேண்டும். பெங்களூர் ஏஜெண்டு ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஆசை பாதி அடங்கிவிட்டதாம்.

மீதிப் பாதியை அடக்க வேண்டியதில்லை. அந்தமான் செலவில் பெரும் பகுதி, அவசரத்துக்கு நாம் கொடுக்கும் விலை. ஐந்து நாளில் பத்துத் தீவு பார்க்கிறவனுக்குப் பணம் தண்ணீராய்ப் போகும். இரண்டு மூன்று தீவுகளோடு திருப்தியடைகிறவனுக்கு அவ்வளவு ஆகாது.

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா புயலுக்குப் பேர் போனது. டிசம்பர் விடுமுறையில் தேசத்தில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். அறை வாடகையும் அதற்கேற்ப ஏறி நிற்கும். தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரையில் கடல் பெரும்பாலும் சாது. ஆகவே, பள்ளிப் பரீட்சை முடிந்தவுடன், ஏப்ரல் மாதத்தில் புறப்படுவது உத்தமம். ஓசூர்க் குளிர்ச்சிக்குப் பழகின உடம்புக்கு அங்குள்ள புழுக்கம் சிரமந்தான். அதற்குப் பருத்தி உடைகளும் பொறுமையும் தவிர வேறு மருந்து கிடையாது.

அடுத்தது வழி. கிருஷ்ணகிரி, வேலூர் மார்க்கமாக இரவு பஸ் ஏறினால், சுமார் 310 கிலோமீட்டர் கடந்து விடியற்காலையில் சென்னை. அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பிரயாணம். கப்பல்கள் மாதத்தில் சில தடவைதான் புறப்படும். தேதியும் வெகு முன்னதாகத் தெரிவதில்லை. தெரிந்த தேதியும் சில சமயம் தள்ளிப்போகும். கப்பல் நமக்காகக் காத்திராது. நாம்தான் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். 'பங்க்' வகுப்பு மிக மலிவு. பெரிய கூடம், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள், பொதுக் கழிப்பறை. கூச்சமுள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பணத்தில் தனி அறை உண்டு. கப்பல் சாப்பாட்டை நான் புகழத் தயாராயில்லை. வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துப் போகிறவர்கள் புத்திசாலிகள். தலைசுற்றலுக்கும் அந்த ஊறுகாயே துணை.

இருவழியும் கப்பலில் போனால் லீவில் ஒரு வாரம் தண்ணீரிலேயே கழிந்துவிடும். தொழிற்சாலைக்காரருக்கு அது கட்டாது. போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் நேரே பெங்களூரில் இறக்கிவிடும். சுமார் இரண்டரை மணி நேரந்தான். விமானச் சீட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்குங்கள். போகும் கப்பல் தாமதித்தால் தீவில் தங்கும் நாட்களில் ஒன்றிரண்டு குறையும். இதை வீட்டிலுள்ளோர் யாவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

போய் இறங்குமிடம் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கப்பற்படை அனுப்பியது ஸ்ரீ விஜய ராஜ்யத்தின் மீது; அவன் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார். சோழனை நினைவூட்ட அவன் தோற்கடித்த ராஜ்யத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தது வேடிக்கைதான். போகட்டும். அங்கே பாஷைக் கஷ்டம் இராது. 2011 ஜனக் கணக்கின்படி இத்தீவுகளில் வங்காளத்துக்கு அடுத்தபடி அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அபர்தீன் பஜார்ப் பக்கம் தங்கினால் இட்டிலிக்கும் குறைவில்லை. சிறைச்சாலைக்கும் நடந்தே போகலாம்.

செல்லுலர் சிறைச்சாலை 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுவில் ஒரு கோபுரம்; அதிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப்போல் ஏழு கட்டடங்கள்; எழுநூற்றுக்குச் சற்றுக் குறைவான தனி அறைகள். இன்று மூன்று கட்டடங்களே நிற்கின்றன. இயந்திரத் தொழில் தெரிந்த ஓசூர்க்காரர்கள் அங்கே கதவின் தாழ்ப்பாளைக் கவனிக்க வேண்டும். அது கதவிலிருந்து விலகி, சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். உள்ளிருப்பவன் கம்பி வழியாகக் கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. ஒவ்வொரு கட்டடத்தின் முகமும் அடுத்ததன் முதுகைப் பார்த்தே இருக்கும். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காண வழியில்லை. இவ்வளவு யோசனை செய்து கட்டியவன் மூளையுள்ளவன்தான். அந்த மூளையை எதற்குச் செலவிட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இங்கே மனிதரைச் செக்கில் பூட்டி எண்ணெய் ஆட்டினார்கள். 1933-இல் உண்ணாவிரதம் இருந்த தேசபக்தர்களுக்கு வலுவில் பால் புகட்டியதில் மஹாவீர் சிங், மோஹன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா என்ற மூவர் உயிர் துறந்தார்கள். சாயங்காலத்தில் ஒலியும் ஒளியுமாக நடக்கும் காட்சியில் வாசலிலுள்ள அரச மரம் இந்தக் கதையைச் சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். அது தமிழில் சொல்வதில்லை. ஆகையால் சரித்திரம் கற்பிக்கும் அம்மாள் கப்பலிலேயே குழந்தைகளுக்குக் கதையைச் சொல்லிவிடட்டும்.

சொல்லும்போது ஒரு பகுதியை விட்டுவிடக் கூடாது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இத்தீவுகளைப் பிடித்தார்கள். 1943 டிசம்பர் 30-இல் நேதாஜி இங்கே மூவர்ணக் கொடி ஏற்றினார். இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் டாக்டர் திவான் சிங் என்ற பெரியவர் ஜப்பானியரின் சித்திரவதைக்கு ஆளாகி 1944 ஜனவரியில் மாண்டதும், அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் பலர் வாயில் வருவதில்லை. கொடி ஏற்றிச் சரியாக ஒரு மாதந்தான் ஆகியிருந்தது.

சிறைக்கு எதிரே, படகில் சிறிது நேரத்தில் போகக்கூடிய தூரத்தில், ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜியின் பெயரால் வழங்குகிறது. வெள்ளைக்கார அதிகாரிகளின் மாளிகைகளையும் மாதா கோயிலையும் ஆலும் அத்தியும் வேரால் கட்டிப் பிடித்திருக்கும் காட்சி மறக்கக் கூடியதல்ல. புள்ளிமான்கள் கிட்டவந்து நிற்கும்; குழந்தைகளுக்குக் குதூகலம். ஆனால் அந்த மான்கள் தீவுக்குச் சொந்தமல்ல. துரைமார்களின் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டவை. அவற்றின் வம்சம் பல தீவுகளில் பரவி, இளஞ்செடிகளை மேய்ந்து காட்டைத் தலையெடுக்க ஒட்டாமல் செய்துவருகிறது.

உண்மையான கடற் பிராணிகளைக் காண வண்டூரிலுள்ள மஹாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். 1983-இல் அமைந்த அதில் 15 தீவுகள். பிளாஸ்டிக் சாமானுக்கு அங்கே அனுமதி இல்லை. பவளத்தின் மேல் கால் வைக்கலாகாது. அது கல்லல்ல, உயிருள்ள ஜந்துக்களின் வீடு. கரையில் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட எடுத்து வரக் கூடாது. விமான நிலையச் சோதனையில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

மற்றத் தீவுகளுக்கு அரசாங்கப் படகுகள் போகின்றன; தனியார் படகைவிட மெதுவானவை, கட்டணமோ மிகச் சொற்பம். சீட்டுக்கு முந்திக்கொள்ள வேண்டும். ஸ்வராஜ் தீவில் கூட்டம் அதிகம். நான் ஷஹீத் தீவையே சிபாரிசு செய்வேன். சிறியது, சைக்கிளிலேயே சுற்றி வரலாம். கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளில் நண்டும் நட்சத்திர மீனும் குழந்தைகளை அரை நாள் கட்டிப் போட்டுவிடும், ஒரு காசு செலவில்லாமல். உப்பு நீர் முதலை உண்டென்று பலகை வைத்திருக்கும் கரையில் மட்டும் இறங்க வேண்டாம்.

இனி, ஏஜெண்டின் பட்டியலில் நீங்கள் அடித்துவிட வேண்டியது ஒன்று: பாராடாங்குக்கு ஒரு நாள் மோட்டார்ப் பிரயாணம். சுண்ணாம்புக் குகை என்றும் சேற்று எரிமலை என்றும் போட்டிருப்பார்கள். போகிறவர்களில் பலருக்கு உள்ளே வேறொரு ஆசை. அந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. வழியில் அவர்கள் கண்ணில் படமாட்டார்களா என்று வண்டி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு போகிறார்கள்.

ஜாரவாக்கள் மொத்தம் சில நூறு பேர். 1990-களின் கடைசி வரையில் வெளியாரை அண்டவிடாமல் வாழ்ந்தவர்கள். பழக ஆரம்பித்த உடனேயே, 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. அந்தச் சாலைப் பகுதியை மூடும்படி 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டும் வண்டிகள் நிற்கவில்லை. தின்பண்டத்துக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன படமொன்று 2012 ஜனவரியில் வெளியாகி உலகமே நம்மைப் பார்த்து முகம் சுளித்தது. 1858-இல் வெள்ளையர் சிறைக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், வந்தவர்களின் வியாதியாலேயே அழிந்து ஐம்பது பேர் அளவில் மிஞ்சினார்கள். காலையில் சிறைச்சாலையில் வெள்ளையனைத் திட்டிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஜாரவாக்களைப் பார்க்க வண்டி ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வடக்கே போயே தீரவேண்டுமென்றால் ரங்கத்துக்கும் டிக்லிபூருக்கும் கடல் வழியே அரசாங்கக் கப்பல் உண்டு. டிக்லிபூர் அருகே காளிபூர்க் கரையில் நான்கு ஜாதிக் கடலாமைகள் முட்டையிட வரும். ஆனால் அதற்கு டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போக வேண்டும்.

குழந்தைகள் காட்டு யானை உண்டா என்று கேட்டிருக்கிறார்களாம். உண்டு. மரம் இழுக்க ஒரு கம்பெனி கொண்டுவந்த யானைகளை, வியாபாரம் நொடித்ததும் 1960-களில் இன்டர்வியூ தீவில் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவை காட்டோடு கலந்துவிட்டன. அந்தத் தீவுக்கு வனத் துறையின் அனுமதியின்றிப் போக முடியாது. யானைக்காக அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ராகி அறுவடைக் காலத்தில் தளி, ஜவளகிரிப் பக்கம் உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கினால், யானை தானே வந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போகும்.