பட்டோவின் நாய்க்கு யார் சோறு போடுவது?

இந்த வாரம் காலைக் காப்பியைக் கசக்க வைத்தது ஒரு கட்டுரை. விஷயம் நல்ல விஷயம்தான். 'கோஸ்ட் இன் த ஷெல்' கதையை வைத்து சயின்ஸ் சாரு ஸ்டூடியோ 2026-க்கென்று அறிவித்த புதிய அனிமே தொடர் பற்றியது. மசாமுனே ஷிரோவின் மூலக் காமிக்ஸ் 1989-ல் தொடங்கியது. மமொரு ஒஷீயின் படம் 1995-ல் வந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் கதையின் போலீஸ் பிரிவு மறுபடி வேலைக்கு வருகிறதென்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்டுரையாளர் இரண்டாவது பத்தியிலேயே கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனிதன் என்றால் யார்? இயந்திரம் என்றால் எது? ஆன்மா எங்கே இருக்கிறது? நடுநடுவே 'பிளேட் ரன்னர்' வேறு.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு என் ஒவ்வாமை தெரியும். ரோபோ வருகிற எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல், எதையோ சாதித்த மாதிரி எழுந்து போய்விடுகிறார்கள். மேற்கோள் வியாதியைப் பற்றியும் முன்பே புலம்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு, 1995 படத்தின் தொடர்ச்சியாக ஒஷீ எடுத்த 'இன்னொசென்ஸ்' எப்படிப் பிடித்தது என்று கேட்கலாம். 2004-ல் வந்த அந்தப் படத்தில் ஆளாளுக்கு கன்பூஷியஸ், மில்டன், புத்தர் என்று அள்ளி வீசுகிறார்கள். அவர்களுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது: மூளை நேராக வலையோடு இணைந்திருக்கிறது, நினைத்த மாத்திரத்தில் மேற்கோள் வந்து விழுகிறது. நம் ஆட்களுக்கு என்ன சாக்கு?

கதை நடப்பது 2032-ல். லோகஸ் சோலஸ் என்ற கம்பெனி விற்ற பெண்ணுருவ ரோபோக்கள் வாங்கியவர்களையே கொன்றுவிட்டுத் தங்களையும் அழித்துக்கொள்கின்றன. விசாரிக்க வருகிறவர்கள் பட்டோவும் டொகுசாவும். பட்டோவுக்கு மூளை தவிர உடம்பில் பெரும்பகுதி இயந்திரம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு லென்ஸ். டொகுசா ஏறக்குறைய நம்மைப் போல முழு மனிதன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். இருட்டுச் சந்துக்குள் முதல் ரோபோவைப் பட்டோ சந்திக்கும்போது அது தன் மார்பைத் தானே கிழித்துத் திறக்கிறது, காப்பாற்று என்கிறது. அவன் சுடுகிறான். அந்த வருஷம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இந்தப் படம் இருந்தது. நடுவர் குழுவுக்குத் தலைவர் குவென்டின் டரான்டினோ. அவருடைய 'கில் பில்' படத்தின் அனிமே பகுதியைச் செய்தவர்களும் இந்தப் படத்தைத் தயாரித்த அதே புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஆட்கள்தான். இருந்தும் பரிசு வரவில்லை.

நான் சொல்ல வந்தது இது எதுவுமே இல்லை. பட்டோ வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறந்தால் ஒரு நாய். பாசெட் ஹவுண்ட் ஜாதி, பெயர் காப்ரியேல். தரையைத் துழாவும் காது, சோகம் பிடித்த முகம், குட்டைக் கால். அவன் தட்டில் தீனி கொட்டுகிறான், அது சாப்பிடுகிறது. இவ்வளவுதான் காட்சி. கார், கட்டடம், கடை என்று கணினி வரைகலை பளபளக்கிற படத்தில் அந்த நாயின் தோல் மடிப்புகளையும், அது நடக்கும்போது காது ஆடுவதையும் பார்த்தால், வரைந்தவர் எத்தனை நாளாக நாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தாரோ என்று தோன்றும். ஒஷீ தன் வீட்டில் வளர்த்த பாசெட்டின் பெயரும் காப்ரியேல்தான். ஷிரோவின் காமிக்ஸில் இந்த ரோபோ வழக்கு ஓர் அத்தியாயமாக இருக்கிறது. நாய் ஒஷீ கொண்டுவந்தது.

இவருக்கு இது தீராத பழக்கம். 1995 படத்திலேயே பாலத்தின் மேல் ஒரு பாசெட் நின்றுகொண்டு கீழே போகிற படகைப் பார்க்கும். போலந்தில், போலிஷ் மொழியில் எடுத்த 'அவலான்' 2001-ல் வந்தது. அதில் கணினி விளையாட்டுக்குள்ளேயே வாழ்கிற நாயகி, வீட்டுக்கு வந்து அரிசியும் இறைச்சியுமாகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பாள். எல்லாம் நாய்க்கு. 'ஸ்கை கிராலர்ஸ்' படத்து விமானத் தளத்திலும் அதே ஜாதி. இதெல்லாம் இயக்குநரின் குறும்பு என்றுதான் பலரும் ரசித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாசெட் காட்டிலிருந்து வந்த மிருகம் இல்லை. முயலை மோப்பம் பிடித்துப் போகும்போது வேட்டைக்காரன் நடந்தே பின்தொடர வசதியாக, கால் குட்டையானவற்றையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வித்து மனிதர்கள் ஆக்கிய உடம்பு அது. பொம்மைக்கு எவ்வளவு செய்நேர்த்தி உண்டோ அவ்வளவும் அதற்கும் உண்டு. ஆனால் அதற்குப் பசிக்கும். நேரத்துக்குத் தீனி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

1990-ல் மூன்று பாகமாக வந்த 'ஏ.டி. போலீஸ் ஃபைல்ஸ்' அனிமே பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். (அந்தக் கதை நடக்கும் வருஷம் 2027. பறக்கும் கார் கேட்காதீர்கள்.) மூன்றாம் பாகத்தில் படுகாயமடைந்த போலீஸ்காரர் ஒருவரை இயந்திரமாக மாற்றிவிடுவார்கள். சதையாக மிஞ்சுவது நாக்கு. வலியாவது தெரியட்டும் என்று அதைக் கடித்துக்கொள்வார். கடைசியில் அவருக்கே வெறி பிடிக்கிறது. பட்டோவும் கிட்டத்தட்ட அதே நிலைமைக்காரன்தான், ஆனால் அவனுக்கு அந்தக் கதி வரவில்லை. எட்டு மணிக்கு ஒரு ஜீவன் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்குமென்றால் நாக்கைக் கடித்துக்கொள்ள ஏது நேரம்?

எதிரிக்கும் இது தெரிகிறது. பட்டோவின் மூளைக்குள் புகுந்து அவனைக் குழப்புவது நாய்த் தீனி வாங்கப் போன கடையில்தான். இல்லாத எதிரியை நோக்கிக் கடைக்குள்ளேயே சுட்டுத் தள்ளுகிறான், குண்டு பாய்வது அவன் கையிலேயே. மசாகி யமடா இந்தப் படத்துக்கு முன்கதையாக ஒரு நாவலே எழுதினார், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அதில் காப்ரியேல் காணாமல் போகிறது, பட்டோ தேடி அலைகிறான். துப்பறியும் நாவலில் பொதுவாக ஒரு பணக்காரப் பெண் தொலைவாள், அல்லது ஒரு வைரம் தொலையும். இங்கே ஒரு கிழட்டு முகத்து நாய். கடத்தல் வழக்கை விட அக்கறையாக அதை எழுதிப் போகிறார் யமடா. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத நாவல் என்று சொல்ல மாட்டேன். நாய் வளர்த்தவர்கள் நிச்சயம் வைக்க மாட்டார்கள்.

இவ்வளவு நல்லவனான பட்டோவோடு எனக்கு ஒரே ஒரு சண்டை உண்டு. வழக்கு கடைசியில் ஒரு கப்பலில் முடிகிறது. ரோபோக்களுக்கு உயிர்ப்பு வர வேண்டுமென்று கடத்திவந்த சிறுமிகளின் உள்ளத்தை நகலெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சிறுமிகளை யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்றுதான் ரோபோக்கள் கொலை செய்ய வைக்கப்பட்டன. மீட்கப்பட்ட சிறுமியிடம் பட்டோ சீறுகிறான்: அந்தப் பொம்மைகளின் கதியை நினைத்தாயா என்று. எனக்குப் பொம்மையாக இஷ்டமில்லை என்று அவள் கதறுகிறாள். நாய்க்கு ஒரு வேளை தவறாதவன் குழந்தையிடம் நியாயம் பேசுகிறான்! பக்கத்தில் ஒரு ரோபோ உடம்புக்குள் வந்து நிற்கிற, 1995 படத்தின் நாயகி குசானாகியும் பொம்மைகளின் கட்சியையே பேசுகிறாள். டொகுசா அந்தக் கப்பலுக்குள் வரவில்லை. வந்திருந்தால் தத்துவம் அப்புறம், முதலில் அந்தப் பிள்ளைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துணியும் குடிக்கத் தண்ணீரும் தேடியிருப்பான்.