மூடிய கால்வாய்க்கு ஒரு அளவுப் பலகை

முல்லைப் பெரியாறு என்றாலே அணையும் பென்னிகுயிக்கும்தான் நம் நினைவுக்கு வரும். மலைக்குள் இருக்கும் சுரங்கக் கால்வாயைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மேற்கே ஓடிய தண்ணீரை அணை தேக்கி உயர்த்தியது; அதைக் கிழக்கே கொண்டுவந்தது அந்தச் சுரங்கம்தான்.

1887-ல் திட்ட வேலை தொடங்கியது. வெடி வைத்துப் பாறையைக் குடைந்தார்கள். நீளம் 5,704 அடி, அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி. இரண்டு லாரிகள் ஒன்றையொன்று கடக்க முடியாத குறுகல். காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட தொழிலாளர்கள் பலர். 1895 அக்டோபர் 10 அன்று கவர்னர் வென்லாக் தண்ணீரைத் திறந்துவிட்டார். கம்பம் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். அணையில் 104 அடிக்கு மேல் நின்றால்தான் சுரங்கத்துக்குத் தண்ணீர் வரும் என்று உடனே சொல்வார். தன் பயிரின் உயிர் அந்த எண்ணில் இருப்பதால் அவருக்கு அது மறக்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகத்தான் அடையாற்றில் சேர வேண்டும். 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி வந்தபோது என்ன ஆயிற்று என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி இன்று பட்டறைகளும் குடியிருப்புகளும் நெருங்கிவிட்டன. சாலைக்கு இடம் போதாத இடங்களில் மழைநீர்க் கால்வாயைக் கான்கிரீட் பெட்டியாகக் கட்டி மேலே மூடுவது புறநகரெங்கும் வழக்கமாகிவிட்டது.

மூடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறந்த கால்வாயில் குப்பை சேர்ந்தால் கண்ணில் படும், மூக்கில் ஏறும், நாலு பேர் மனு எழுதுவார்கள். மூடியதில் அடைப்பு இருப்பது வெள்ளம் வீட்டுக்குள் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே மூன்று காரியங்கள் வேண்டும். பிளாஸ்டிக் உள்ளே போகாதபடி வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு. ஆளை இறக்காமல் இயந்திரத்தால் தூர்வாரத் தக்க திறப்புகள். வாயருகே ஒரு பலகை: நீளம், அகலம், உயரம், எத்தனை கன அடி தாங்கும், கடைசியாகத் தூர்வாரிய தேதி.

பலகைக்குப் பெரிய செலவில்லை. தேதி பழையதாக இருந்தால் தெருவில் போகிறவர் யாரும் கேள்வி கேட்கலாம். குன்றத்தூர்க்காரர்கள் நகராட்சியிலும், கிராமத்தார் ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் இதைக் கேளுங்கள். அக்டோபரில் மழை இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.