பார்வையாளன் கையிற் காமிரா

விளையாட்டைக் காணச் செல்வோன் கண்ணாற் காண்டலே முறை; கருவியொன்றை முகத்துக்கு முன்னே பிடித்துக்கொண்டு காலங்கழித்தல் பேதைமை என்று கூறுவார் நம்முட் பலர். யாமும் முன்னர் அக்கட்சியைச் சார்ந்தவரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தொழில்முறை ஆட்டக்காரர் ஆடும் பேஸ்பால் ஆட்டங்களைக் காலரியில் அமர்ந்து கண்டும், கண்டவற்றைப் பொழுதுபோக்காகப் படம் பிடித்தும் சில ஆண்டுகள் பழகியபின் அக்கொள்கை எம்மிடத்தே தளர்ந்தது. முற்றும் மறைந்ததென்று கூறோம். மறையாமைக்குரிய காரணம் பின்னர்ச் சொல்லப்படும்.

இவ்வாட்டத்தைக் கண்டறியாத மாணவர்க்காகச் சில கூறுதல் வேண்டும். சதுரமாக அமைந்த தளங்கள் நான்கு. ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. அவற்றுள் மட்டையாளன் நிற்கும் தளத்தை அந்நாட்டார் 'ஹோம்' என்பர். யாம் மூலதளம் என்போம். அதற்கு 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலுள்ள சிறு மேட்டிலிருந்து ஒருவன் பந்தெறிவான். மட்டையாளன் அதனை அடித்துவிட்டுத் தளந்தோறும் ஓடி மூலதளத்துக்கு மீள முயல்வான். கிரிக்கெட்டில் மட்டையாளன் மைதானத்தின் நடுவே நிற்றலின் காண்போர் நாற்புறமும் தொலைவிலிருக்கின்றனர். பேஸ்பாலிலோ அவன் நிற்பது மைதானத்தின் மூலையில். அம்மூலையைச் சூழ்ந்த காலரியினர் அவன் நெற்றிச் சுருக்கத்தையும் காணுமளவு அணித்தாயிருப்பர். கையோடு ஒரு காமிரா இருந்தாலென்ன என்னும் ஆசை அங்கே பிறத்தல் இயல்பு.

ஆசை பிறந்த மாத்திரத்தே அழுக்காறும் உடன் பிறக்கின்றது. பத்திரிகைகட்குப் படமெடுப்போர்க்கு மைதானத்தின் விளிம்பிலேயே தனியிடம் உண்டு. அவர் கையிலுள்ள லென்ஸ் சிறு பீரங்கி போலத் தோன்றும். காலரியிலிருப்பவனோ சீட்டிற் குறித்த ஆசனத்தோடு கட்டுண்டவன். விதிகளும் மைதானந்தோறும் வேறு. இத்தனை அங்குலத்துக்கு மேல் நீண்ட லென்ஸ் ஆகாதென்பது சில மைதானங்களின் விதி. முக்காற்றாங்கிக்குப் பெரும்பாலும் இடமில்லை. எடுத்த படத்தை வாணிகத்திற் பயன்படுத்தலாகாதென்பது சீட்டின் நிபந்தனை. இவற்றால் மனம் நொந்து, பத்திரிகைப் படத்துக்கு நிகரானதொன்றை எவ்வாறேனும் எடுத்துவிட வேண்டுமென்று அலைவோர் பலர். இவ்வலைச்சலே பிழை என்பது எம் கருத்து. குள்ளனாகிய சகேயு காட்டத்தி மரத்தில் ஏறியது, தெருவில் நின்றோர் கண்டவாறே தானும் காணவேண்டுமென்று அன்று. மரத்தின்மேலிருந்து காண்பதே அவனுக்குப் போதியதாயிருந்தது.

ஆயினும் எம் கதையை மறைத்தலாகாது. தொடக்கத்தில் எல்லாரும் விரும்புவது மட்டையிற் பந்து படும் கணத்தின் படமே. யாமும் அதனையே விரும்பி ஒரு பருவம் முழுவதையும் கழித்தோம். மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து மட்டையாளனை அடைதற்கு ஏறத்தாழ 0.4 விநாடியே செல்லும். அது மட்டையோடு பொருந்தியிருப்பது ஆயிரத்திலொரு விநாடியளவு. கண் கண்டு கை பொத்தானை அழுத்துதற்கோ மானிடர்க்கு ஐந்திலொரு விநாடி வேண்டும். ஆகவே அடி விழுந்ததைக் கண்டு அழுத்துவோன் அடியை இழந்தவனே. விநாடிக்கு 10 படம் எடுக்கும் காமிராக்கள் இக்காலத்தே எளிதிற் கிடைக்கின்றனவே, விரலை எடாது அழுத்திக்கொண்டிருந்தால் ஒன்றாவது அகப்படாதோ எனின், கணக்கிட்டுப் பார்க்க. மணிக்கு 90 மைல் என்பது விநாடிக்கு 132 அடியாம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து 13 அடி ஓடிவிடும். முதற் படத்திலே அது மட்டைக்கு முன்னே வந்துகொண்டிருக்கும். அடுத்த படத்திலே மட்டையாளன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஷட்டரை ஆயிரத்திலொரு விநாடிக்கு அமைத்தாலும் அதற்குள் பந்து ஒன்றரை அங்குலம் நகர்ந்து சிறிது மங்கியே பதியும்.

நல்வினைப் பயனால் எமக்கும் அத்தகைய படம் இரண்டு அகப்பட்டன. நண்பர் பாராட்டினர். அவற்றினும் சிறந்தவை நாடோறும் பத்திரிகைகளில் வருவதை எவரும் எடுத்துக் கூறவில்லையாயினும் யாம் அறிவோம்.

அப்பருவத்தில் வாய்த்த ஊதியம் வேறொன்று. முன்கூட்டியே அழுத்த வேண்டுமாயின் முன்கூட்டியே அறிதல் வேண்டும். பந்தெறிவோனது தோள் எப்பொழுது திரும்புகின்றது, மட்டையாளனது முன்னங்கால் எப்பொழுது எழுகின்றது, முதல் தளத்தில் நிற்போன் அடுத்த தளத்தைத் திருடுதற்கு எத்துணை அடி விலகி நிற்கின்றான் என்பனவற்றை இமையாது நோக்கப் பழகினோம். அதற்குமுன் யாம் ஆட்டத்தைக் கண்டது பந்தின் பின்னே தலையைத் திருப்பியதன்றி வேறில்லை. காமிரா ஆட்டத்தை மறைக்குந் திரை என்றோர் கூற்று இவ்வளவில் எமக்குப் பொய்ப்பட்டது.

ஆசனத்தின் அருமையும் அப்பொழுதுதான் விளங்கிற்று. வலக்கை மட்டையாளன் முதல் தளப் பக்கத்தை நோக்கியே நிற்பான். அப்பக்கத்தாருக்கு அவன் முகமும், மூன்றாந் தளப் பக்கத்தாருக்கு அவன் முதுகும் தெரியும். இடக்கையானுக்கு இது மாறாகும். மூலதளத்திலிருந்து இரண்டாந் தளத்தை நோக்கிய கோடு கிழக்கு வடகிழக்காகச் செல்லுதல் விரும்பத்தக்கதென்று ஆட்ட விதி நூலிற் கண்டிருக்கின்றது. மட்டையாளன் கண்ணில் மாலை வெயில் படாதிருத்தற்பொருட்டு ஏற்பட்ட விதி இது. எல்லா மைதானங்களும் இதற்கு அடங்கியன அல்ல. அடங்கியவற்றில், முதல் தளப் பக்கத்துக் காலரி தெற்கே அமைதலின், பிற்பகல் வெயில் அங்கிருப்போர்க்குப் பெரும்பாலும் முதுகுப்புறமாகவே இருக்கும். காமிராக்காரனுக்கு இதனினும் வேண்டுவது யாது? வலைக்குப் பின்னே அமர்ந்தோர் வலையைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை. அதனை ஒட்டினாற்போல் அமர்ந்து லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தால் வலை கரைந்து மறைந்துபோம்.

இனிக் காலரிப் படத்தின் மதிப்புக்கு வருவோம். 1932-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி சிக்காகோ நகரத்து ரிக்ளி மைதானத்தில், உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியின் மூன்றாம் ஆட்டம் நிகழ்ந்தது. ஐந்தாம் இன்னிங்ஸில் நியூயார்க் யாங்கீஸ் கட்சியினராகிய பேப் ரூத் மட்டையேந்தி நின்றார். எண்ணிக்கை நாலுக்கு நாலு. சிக்காகோ ஆட்டக்காரர் தம் இருக்கையிலிருந்து அவரை வாயாரப் பழித்துக்கொண்டிருந்தனர். ரூத் கையை நீட்டி எதனையோ சுட்டினார். அடுத்து வந்த பந்தை நடுப்புற வேலிக்கு அப்பாற் போக அடித்தார். அடிக்கப்போகும் இடத்தை முன்னரே சுட்டிக் காட்டினார் என்று ஒரு சாராரும், பழித்தவர்களையோ பந்தெறிந்தவனையோ சுட்டினார் என்று மற்றொரு சாராரும் இன்றளவும் வாதிடுகின்றனர். இவ்வழக்கை ஆராய்வோர் இப்பொழுது எடுத்து நோக்குவது மேட் கேண்டில் என்பவர் எடுத்த சலனப்படத்தை. அவர் தொழிற் படக்காரரல்லர். மூன்றாந் தளப் பக்கமாகக் காலரியில் அமர்ந்து, 16 மில்லிமீட்டர் கைக்காமிராவால் தம் மனமகிழ்ச்சிக்காக எடுத்தார். ரூத் இடக்கை மட்டையாளராதலின் அப்பக்கத்தாரை நோக்கியே நின்றார் என்பதை நினைவு கூர்க. பல பத்தாண்டுகள் அப்படத்தைப் பொது உலகம் அறியவில்லை. ஹரால்ட் வார்ப் என்னும் மற்றொரு பார்வையாளர் எடுத்ததும் பிற்காலத்தே வெளிப்பட்டது. கை நீண்டிருத்தல் படத்திலே தெரிகின்றது. எதனை நோக்கி என்பது மட்டும் இன்னும் துணியப்படவில்லை. துணியப்படாமை அப்படத்துக்குக் குறையன்று. ஓர் ஆசனத்திலிருந்து ஒருவர் கண்டது எவ்வளவோ அவ்வளவையே அது சொல்லுகின்றது.

அதே ரூத், நோயால் மெலிந்து, 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதி யாங்கி மைதானத்தில் விடைபெற வந்தார். படக்காரர் பலரும் அவர் முகத்தை நோக்கித் திரண்டிருக்க, நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகையைச் சார்ந்த நேட் ஃபைன் பின்புறஞ் சென்று, மட்டையை ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கும் அவ்வுருவத்தையும் முதுகிலுள்ள 3 என்னும் எண்ணையும் எடுத்தார். 1949-ல் அப்படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃபைன் தொழிற் படக்காரரே, காலரியிலிருந்தவருமல்லர். எனினும் முதுகு தெரியும் ஆசனத்தில் அமர்ந்து முணுமுணுப்போர் அப்படத்தை ஒருமுறை பார்த்தல் நன்று.

காலரியிலிருப்போன் எடுக்கத்தக்கவை வேறு பல உள. வாயில் திறந்தவுடன் உட்புகுந்தால் ஆட்டத்துக்கு முன்னர் நிகழும் பயிற்சியைக் காணலாம். பெரிய லீக்கின் 30 சங்கங்களைச் சார்ந்து ஆடும் சிறிய சங்கங்கள் 120. அவற்றின் மைதானங்கள் சிறியன, சீட்டின் விலை குறைவு, ஆசனங்கள் மிக அணிமையன. புதிதாகப் பழகுவோர் அங்கே தொடங்குதல் தக்கது. இனி, காலரியே ஒரு காட்சியன்றோ? தந்தையின் தோள்மேலிருக்கும் குழந்தை, கடலை விற்போன், ஏழாம் இன்னிங்ஸின் நடுவே எழுந்து நின்று பாடும் கூட்டம் இவையெல்லாம் மைதான விளிம்பிலிருந்து எடுப்போர் பெரும்பாலும் முதுகு காட்டியிருக்கும் பொருள்கள். பெரிய லீக்கில் 2023-ம் ஆண்டு முதல், தளங்கள் வெறுமையாயிருக்குங்கால் பந்தெறிவோன் 15 விநாடிக்குள் அடுத்த பந்தை எறியத் தொடங்குதல் வேண்டுமென்று விதித்துவிட்டனர். ஆட்டம் விரைவுற்றது, சுற்றுமுற்றும் பார்த்திருக்கும் இன்பம் ஒரு சிறிது குறைந்தது. எம்போன்றோர்க்கு இது சிறு குறையே. வீடு திரும்ப வேண்டியவர்க்குப் பெருநன்மை.

ஒன்றிற் கண்டிப்பாயிருப்போம். காமிராவுடையோன் எழுந்து நின்று பின்னிருப்போர் காட்சியை மறைத்தற்கு யாதொரு உரிமையும் இல்லை. கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிப்போர்க்கும் இதுவே சொல்வோம். பிறர் குழந்தையைப் பெற்றோர் அறியாது எடுத்தலும் தகாது. வலை படத்தைக் கெடுக்கின்றது, அதனை இவ்வளவு தூரம் நீட்டியிருக்க வேண்டாம் என்போரோடு யாம் சிறிதும் உடன்படோம். மூலதளத்துக்குப் பின்னே மட்டும் பெரிதும் இருந்த காப்பு வலை, ஆட்டக்காரர் அமரும் பள்ளங்களின் கடைசி வரையிலேனும் 30 மைதானங்களிலும் நீண்டது 2018-ம் ஆண்டிலேதான். அதற்கு முந்திய ஆண்டு நியூயார்க்கில் காலரியிலிருந்த ஒரு சிறுமி பந்து பட்டுக் கொடிய காயமுற்றாள். 2018 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் வலைக்கு மேலாகப் பறந்து வந்த பந்தினால் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். வெறுங்கண்ணாற் காண்போரே தப்ப இயலாதாயின், ஒரு கண்ணை மூடி மற்றொரு கண்ணைக் குழலிலே பதித்திருப்போன் நிலை என்னாகும்?

இது கேட்டறிந்த செய்தி மாத்திரமன்று. சிறு நகரொன்றின் மைதானத்தில், வலை முடியுமிடத்துக்கு அப்பால், நீண்ட லென்ஸால் இரண்டாந் தளத்தில் நின்ற ஆட்டக்காரனைப் பற்றிக்கொண்டு யாம் உலகை மறந்திருந்தோம். கூட்டம் கூவியது செவியிற் பட்டதேயன்றிக் கருத்திற் படவில்லை. அடுத்த ஆசனத்து முதியவர் ஒருவர் தமது வலக்கையை எம் முகத்துக்குக் குறுக்கே நீட்டினார். பந்து அக்கையில் மோதித் தரையில் வீழ்ந்தது. அவர் ஆட்டம் தொடங்கியது முதல் பென்சிலும் தாளுமாக ஆட்டக் கணக்கை எழுதி வந்தவர். விரல்கள் வீங்கின. மைதானத்து மருத்துவ உதவியாளர் பனிக்கட்டியைச் சுற்றிக் கட்டி, வெளியே வரும்படி அழைத்தும் அவர் எழவில்லை. கணக்கு குறைப்பட்டுவிடும் என்றார். பென்சிலை எம்மிடம் தந்தார்.

காமிரா பைக்குட் போயிற்று. பந்தெறிவோன் 1, பந்து பிடிப்போன் 2, முதல் தளத்தான் 3 என்று தொடங்கி ஒன்பதின்மர்க்கும் எண்ணுண்டு. ஆறாமவன் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்து ஒருவனை வெளியேற்றினால் 6-3 என்று எழுத வேண்டும். மட்டையை வீசாமலே நின்று மூன்றாம் ஸ்ட்ரைக்கைப் பெற்றவனுக்குக் கே என்னும் ஆங்கில எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான்கு இன்னிங்ஸ் எழுதினோம். இரு முறை பிழை செய்து கடிந்துகொள்ளவும் பட்டோம். அந்நான்கு இன்னிங்ஸிலும் யாம் கண்ட அளவு பேஸ்பாலை அதற்குமுன் கண்டதில்லை.

இறுதியில் அனுமதி பெற்று ஒரேயொரு படம் எடுத்தோம். பனிக்கட்டி நீரால் நனைந்த துணிக்கட்டோடு அவ்வலக்கை, அதன்கீழே அவர் எழுத்தில் ஐந்து இன்னிங்ஸும் எம் எழுத்தில் நான்கும் உள்ள தாள், அப்பாற் சிறிது மங்கலாக, விளக்கு அணையுமுன் மைதானத்தின் புல்லை நனைக்கும் பணியாளர். இரண்டு படிகள் அச்சிட்டு ஒன்றை அவருக்கு அனுப்பினோம். மட்டையிற் பந்து படும் அவ்விரு படங்களும் எங்கேயோ கிடக்கின்றன. வரும் ஏப்ரலில் பருவம் தொடங்குங்கால் அதே வரிசையில் இரண்டு ஆசனங்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றோம். நீண்ட லென்ஸ் வீட்டில் இருக்கும்.